நீலம் அடித்த வரிசை

முதல் நாள் சென்னிமலை அவளுக்கு நாற்காலி கொடுக்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஒரே சுழல் நாற்காலியில் தன் துண்டை விரித்து வைத்துவிட்டு, சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலைக் கண்ணால் காட்டினார். நித்யஸ்ரீ அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கீபோர்டு அவள் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது.

"போனை இந்த டப்பாவுல போட்டுருங்க அம்மிணி," என்று ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை நீட்டினார். "நாலு குடும்பத்துப் பொண்ணு பையங்க விவரம் இருக்குதுங்க. நீங்க படம் கிடம் புடிச்சுட்டுப் போயிட்டா நான் யாருக்குன்னு பதில் சொல்றதுங்க?"

போட்டாள். கைப்பையையும் திறந்து காட்டச் சொன்னார். அதையும் காட்டினாள். சாப்பாட்டு டப்பா, குடை, மூக்குக் கண்ணாடிக் கூடு. அவர் மூன்றையும் பார்த்துவிட்டு, ஏமாற்றம் அடைந்தவர் போலத் தலையை ஆட்டினார்.

நாமக்கல்லில் கோழி மருந்துக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்தத் திருமணத் தகவல் மையம். இருபத்திரண்டு வருடமாகச் சென்னிமலை நடத்துகிறார். கூட்டுறவுச் சங்கத்து வேலையை விட்ட கையோடு ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி, நாற்பத்தெட்டாவது வயதில் தானே எக்செல் கற்றுக்கொண்டு, வருடத்துக்கு ஒரு பைலாகப் போட்டுவைத்தவர். ஆணோ பெண்ணோ, ஆளுக்கு ஒரு வரிசை. பெயர், வயது, கூட்டம் என்கிற குலப்பிரிவு, குலதெய்வம், நட்சத்திரம், படிப்பு, தொடர்பு எண். ஆறாயிரத்துச் சொச்சம் வரிசைகள்.

இப்போது அவர் மகன் ஜெகதீஸ்வரன் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு மையத்தைப் போனில் பார்க்கும்படி ஒரு ஆப் செய்விக்கிறான். செய்துதரும் கம்பெனிக்காரர்கள் பழைய பைல்கள் எதுவும் தங்களுக்கு ஆகாது, எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே கமா மட்டும் போட்ட வெறும் பைலாக மாற்றித் தாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப்பிங் கடை வைத்திருக்கும் நித்யஸ்ரீயை ஜெகதீஸ்வரன் ஏற்பாடு செய்தான். தை ஒன்றாம் தேதிக்குள் முடிய வேண்டும். அப்பாவிடம் கேட்டு ஏற்பாடு செய்யவில்லை. செய்துவிட்டுச் சொன்னான்.

அந்தக் கோபத்தைச் சென்னிமலை இவள் மேல் இறக்கிவைத்தார். இந்தப் பக்கத்து மனிதர்களுக்குக் கோபம் ஏற ஏறப் பேச்சில் மரியாதையும் ஏறும். அன்றைக்கு அவளிடம் அவர் பேசியதில் ஒரு வாக்கியம்கூட 'ங்க' இல்லாமல் இல்லை. டீக்கடைப் பையன் தூக்குப் போசியோடு வந்தபோது, "ஒண்ணு போதும்," என்று தனக்கு மட்டும் வாங்கிக் குடித்தார்.

நித்யஸ்ரீ ஸ்டூலைத் திரைக்கு நெருக்கி இழுத்துக்கொண்டாள். ஜெகதீஸ்வரன் கேட்டபோது அவள் உடனே சம்மதித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவனிடமும் சொல்லவில்லை, இவரிடமும் சொல்லப்போவதில்லை. 2013ஆம் வருட பைலில் அவள் பெயரும் இருந்தது. அவளுக்கு இருபத்தைந்து வயதானபோது அண்ணன் மோகன்குமார் கொண்டுவந்து பதிந்த பெயர். பதினோரு வருடத்தில் ஒரு குடும்பம், ஒரே ஒரு குடும்பம்கூட, அவளைப் பார்க்க வரவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

காரணம் சொல்ல வீட்டில் ஆளுக்குக் குறைவில்லை. ஆயில்ய நட்சத்திரம், மாமியாருக்கு ஆகாது என்றார்கள். கறுப்பு என்றார்கள். படித்த பெண் என்பதால் பயப்படுகிறார்கள் என்றும் ஒரு அத்தை சொன்னாள். செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில் எலுமிச்சம்பழ மூடியில் விளக்குப் போடச் சொன்னார்கள். மூன்று வருடம் போட்டாள். பாதிப் பழத்தைப் பிழிந்து, மூடியைத் திருப்பி, நெய் ஊற்றித் திரி வைத்து வைத்து, எலுமிச்சம்பழ வாசனை வந்தாலே வாந்தி வருகிற அளவுக்குப் போட்டாள். அந்த வருடங்களில்தான் அம்மா இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தார். புரட்டிப் படுக்க வைப்பதும் புண்ணுக்குப் பவுடர் போடுவதும் அவள் வேலை. அண்ணி வித்யாவுக்கு ஹாஸ்டல் ஸ்கூலில் வார்டன் உத்தியோகம். வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வருவாள். அம்மா போன வருடம் போய்ச் சேர்ந்தார். நித்யஸ்ரீக்கு முப்பத்தாறு முடிந்திருந்தது.

வந்த முதல் நாளே அவள் 2013ஐத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பயமாக இருந்தது. பழைய பைலில் இருந்து வரிசையாகப் போனாள். ஆரம்ப வருடங்களில் பெயர்கள் பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தன. திறந்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் டாலர் குறிகளும் குப்பையாகக் கிடந்தன. அவற்றை ஒவ்வொரு பைலாக யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த சென்னிமலை குப்பையைப் பார்த்துவிட்டு, "நல்லா இருந்ததைக் கெடுத்துப்போட்டீங்களே," என்றார். மாற்றி முடித்துப் பெயர்கள் பெயர்களாக வந்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

இரண்டாம் நாள்தான் கலர் பிரச்சினை வந்தது.

சென்னிமலையின் பைல்கள் கோயில் தேர் போலப் பல வண்ணத்தில் இருந்தன. மஞ்சள் அடித்த வரிசை என்றால் கல்யாணம் முடிந்தது. சிவப்பு என்றால் செவ்வாய் தோஷம். பச்சை மறுமணம். சாம்பல் அடித்தவர்கள் உயிரோடு இல்லை. இதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவருக்குத் தெரியும், அது போதும் என்று இருந்திருக்கிறார். புதிய பைலில் எழுத்து மட்டும்தான் போகும், கலர் போகாது, கட்டத்தோடு சேர்த்துவைத்த குறிப்பும் போகாது என்று நித்யஸ்ரீ சொன்னபோது அவர் முகம் சிவந்தது. இருபது வருட உழைப்பு அந்தக் கலரில்தான் இருக்கிறது, அதை அழித்துவிட்டுக் கல்யாணம் ஆனவனுக்கும் செத்தவனுக்கும் பெண் கேட்டுப் போகச் சொல்கிறீர்களா என்று கேட்டார். மகனுக்குப் போன் போட்டு அதையே கேட்டார். அந்தப் பக்கத்தில் அவன் ஏதோ சமாதானம் சொன்னான். இவர் முழுதும் கேட்காமல் வைத்தார்.

கீழே மருந்துக் கடையில் யாரோ கோழிக்குஞ்சுக்குச் சொட்டு மருந்து கேட்பது மேலே வரை கேட்டது.

"எல்லாக் கலரும் போயிருமுங்களா?" என்று கேட்டார் சென்னிமலை. குரல் இறங்கியிருந்தது.

"எல்லாமும் போயிருமுங்க."

"குறிப்பும்?"

"அதும்தான். வேணுமின்னா ஒவ்வொரு கலருக்கும் என்ன அர்த்தம்னு சொல்லுங்க. தனியா ஒரு கட்டம் போட்டு எழுத்துல அடிச்சர்றேன்."

அவர் உடனே ஒரு பழைய ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். மஞ்சள், சிவப்பு, பச்சை, சாம்பல். நான்கு. கொடுத்துவிட்டு மாடிப்படி வரை போய்க் கீழே குனிந்து டீ சொன்னார். இந்தத் தடவை இரண்டு டீ வந்தது.

நித்யஸ்ரீக்கு அந்த டீதான் உறுத்தியது. காலையில் இருந்து கடித்துக்கொண்டிருந்த மனிதர், தன் இருபது வருடக் கலர் போகப்போகிறது என்றதும் எதற்கு டீ வாங்கித் தருகிறார்? டம்ளரைத் தொடாமல் பைலை மேலே தள்ளிப் பார்த்தாள். 2009இல் ஒரு வரிசை இளநீலமாக இருந்தது. 2010இல் ஐந்து. ரசீதில் நீலம் இல்லை. கேட்டாள்.

"அது கை தவறிப் பட்டது," என்றார் அவர்.

ஆறு தடவை கை தவறுமா என்று அவள் கேட்கவில்லை. டீ ஏடு படிந்து ஆறியது.

மூன்றாம் நாள் மத்தியானம் 2013க்கு வந்தாள். அவளுடைய வரிசை இருநூற்றுப் பன்னிரண்டாவது. நித்யஸ்ரீ, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஆயில்யம் மூன்றாம் பாதம். தொடர்பு எண் என்ற கட்டத்தில் அண்ணனுடைய நம்பர். வரிசை முழுக்க இளநீலம்.

தன் பெயருக்கு யாரோ வண்ணம் அடித்திருப்பதைப் பார்க்க விசித்திரமாக இருந்தது. பெயரிருந்த கட்டத்தின் மூலையில் மூக்குத்திக் கல் அளவுக்கு ஒரு சிவப்பு முக்கோணம். குறிப்பு இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். மவுஸை மேலே கொண்டுபோனாள். மஞ்சள் பெட்டி ஒன்று விரிந்தது.

'அண்ணன் போன். தாயார் இடுப்பு ஆபரேஷன். 6 மாதம் நிறுத்தி வை. 22.7.13.'

அவள் இரண்டாவது தடவை படிப்பதற்குள் கம்ப்யூட்டர் அணைந்தது. மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியும் மெதுவாக நின்றது. திரும்பிப் பார்த்தாள். சென்னிமலை கதவோரம் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"கரண்ட் போயிருச்சுங்க," என்றார்.

கீழே மருந்துக் கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

நித்யஸ்ரீ எழுந்தாள். அவரைத் தாண்டிக் கையை நீட்டி சுவிட்சை மேலே தள்ளினாள். மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் உயிர் பெறும் வரை இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"நீலம்னா என்னங்க?" என்றாள்.

"சொன்னனே."

"கை தவறுனா கலர் படும். குறிப்பு எழுத முடியாது. ஆறு மாசம் நிறுத்தி வைன்னு எழுதியிருக்குது. ஆறு மாசத்துல ஏனுங்க எடுக்கல?"

அவர் துண்டை எடுத்துவிட்டுச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். இனி மறைக்க முடியாது என்று தெரிந்துகொண்டவரின் வேகத்தோடு பேசினார். வீட்டில் ஏதாவது காரியம் வந்தால் போன் செய்வார்கள். தாத்தா கருமாதி முடியட்டும், பெண்ணுக்குப் பரீட்சை முடியட்டும், பையன் மலேசியாவில் இருந்து வரட்டும், அதுவரைக்கும் ஜாதகத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அவர் நீலம் அடித்துவைப்பார். நீலம் அடித்த வரிசையை யாருக்கும் காட்டமாட்டார். அதுதான் முறை.

"நிறுத்தச் சொல்றதுக்கு அத்தனை பேரும் போன் பண்றாங்க அம்மிணி. தொறக்கச் சொல்லி ஒருத்தரும் பண்றதில்லீங்க. கலர் தானா வாயைத் தொறந்து என்னைக் கூப்புடுமா?"

"நடுவால அவங்க வந்து கேட்டிருப்பாங்களே."

"வருசா வருசம் கேப்பாங்க. ஏதாச்சும் ஜாதகம் வந்துச்சான்னு. ஒண்ணும் வரலீங்கன்னு சொல்லுவேன். அனுப்புனாத்தானே வரும்? நான் பொய் சொல்லலீங்க."

தன் பதிலில் அவருக்கே ஒரு திருப்தி இருந்ததை நித்யஸ்ரீ பார்த்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இது உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள். நாலு வருடம் முன்னால் என்றார். ராசிபுரத்துப் பக்கம் ஒரு அம்மா வந்து அழுதிருக்கிறார். அவர் போன பிறகு பைலை எடுத்துப் பார்த்தபோதுதான் நீலம் கண்ணில் பட்டிருக்கிறது. எண்ணிப் பார்த்திருக்கிறார். நாற்பத்து மூன்று.

"தெரிஞ்ச அன்னைக்கே தொறந்து உட்டிருக்கலாமுல்லீங்க?"

"தொறந்தா, இத்தனை நாள் ஏன்டா மூடி வெச்சிருந்தேன்னு கேப்பாங்களே."

அதற்கு அப்புறம் அவர் தன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஆயிரத்து நானூறு கல்யாணம் முடித்து வைத்திருப்பதாகவும், ஒருத்தன் விரல் நீட்டியதில்லை என்றும், ஆயிரத்து நானூறுக்கு நாற்பத்து மூன்று எந்தக் கணக்கு என்றும் சொன்னார். கமா பைல் போனதும் எல்லா வரிசையும் வெள்ளையாகிவிடும், நாற்பத்து மூன்று பேரும் மற்றவர்களோடு கலந்துவிடுவார்கள், யாருக்கும் நஷ்டமில்லை, கேள்வியும் இல்லை. அதைத்தான் நீங்களும் செய்யப்போகிறீர்கள், செய்துவிட்டுப் போங்கள்.

நித்யஸ்ரீ செய்யவில்லை. கலரை வைத்து நாற்பத்து மூன்று வரிசைகளையும் தனியாகப் பிரித்து ஒரு தாளில் அச்செடுத்தாள். பிரிண்டர் இழுத்து இழுத்து அடித்தது. தாளை அவர் முன்னால் வைத்து, ஒவ்வொரு நம்பராக நீங்களே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றாள்.

"என்னன்னு சொல்றது?"

"நடந்ததை."

அவர் சிரித்தார். கூப்பிடாவிட்டால் என்ன செய்வீர்கள், ஜெகதீஸிடம் சொல்வீர்களா, சொல்லுங்கள், பெற்ற அப்பனை அவன் என்ன செய்துவிடுவான் என்றார்.

"அவர்கிட்ட எதுக்குங்க? இந்த நாப்பத்து மூணு பேரையும் நானே கூப்புடறேன். நீங்க கூப்பிட்டா மறந்துட்டேன்னு சொல்லலாம். நான் கூப்பிட்டா மறைச்சாருன்னுதான் சொல்லுவேன்."

சென்னிமலை சட்டைப் பையில் நான்கு பேனா வைத்திருந்தார். ஒன்றை எடுத்து, மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். பிறகு மேசை மேலிருந்த தன் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போடுங்கள் என்றாள். அதற்கும் ஒரு முறை முறைத்துவிட்டுப் போட்டார்.

முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது நம்பரில் ஒரு அப்பா, மகளுக்குக் கல்யாணமாகிப் பேத்தி மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள், நீங்கள் வேறு என்று சிரித்துவிட்டு வைத்தார். சென்னிமலை நிமிர்ந்து உட்கார்ந்து, பார்த்தாயா என்பது போல அவளைப் பார்த்தார். அடுத்த இரண்டும் அப்படியே போயின. ஐந்தாவது, அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு தாயார். மகனுக்கு நாற்பத்திரண்டு வயது. ஜாதகத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து அவனே வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். நீலம், ஆறு மாதம், மறதி என்று இவர் சொல்லி முடித்தார். அப்புறம் அந்த அம்மாள் பேச ஆரம்பித்தாள். ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சு, அதில் 'ங்க' கிடையாது. சென்னிமலையின் அப்பாவில் இருந்து ஆரம்பித்துப் பேரப்பிள்ளைகள் வரை இழுத்துத் திட்டினாள். அவர் வைக்கப் போனபோது நித்யஸ்ரீ தலையசைத்தாள். வைக்கக் கூடாது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

பத்தாவது போனுக்கு அப்புறம் தண்ணீர் குடித்தார். பதினாறாவதற்கு அப்புறம் எழுந்து நின்றுகொண்டே பேசினார். வண்டிச் சத்தத்துக்கு நடுவே ஒருவர் நாளைக்கு நேரில் வருகிறேன், அங்கேயே இருங்கள் என்றார். அதை அவர் சொன்ன விதம் நல்லதாக இல்லை.

"உங்களுக்கு எதுக்குங்க அம்மிணி இத்தனை ஆத்திரம்?" என்று கேட்டார் சென்னிமலை. "கூலிக்கு வந்தீங்க. பைலை மாத்துனீங்க. இதுல உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"வரிசையாப் போங்க. வரும்."

இருபத்தொன்பதாவது இருநூற்றுப் பன்னிரண்டாம் வரிசை. அவர் நம்பரை விரலால் தொட்டுத் தொட்டு அழுத்தினார். நித்யஸ்ரீக்கு அந்த நம்பர் மனப்பாடம். பதினோரு வருடமாக மளிகைக்கும் மருந்துக்கும் அம்மாவின் கடைசி நாளுக்கும் அவள் கூப்பிட்ட நம்பர். இரண்டு ரிங்கில் எடுத்துவிட்டான் மோகன்குமார். பின்னால் லாரி பாடி கட்டும் பட்டறையின் கிரைண்டர் சத்தம் கிறீச்சிட்டது.

"மோகன்குமாருங்களா? திருமண மையத்துல இருந்து சென்னிமலை பேசறனுங்க."

"அட, சொல்லுங்கண்ணா. நல்லா இருக்கறீங்களா? எங்கம்மா காரியத்துக்குக்கூட நீங்க வரல பாருங்க."

சென்னிமலை வருத்தம் சொன்னார். இதுவரை மற்றவர்களிடம் சொல்லிப் பழகியதை மோகன்குமாரிடமும் சொன்னார். தங்கச்சி ஜாதகம், பதிமூன்றாம் வருட ஆடி மாசம், தாயாருக்கு ஆபரேஷன், ஆறு மாதம். தான் எடுக்காமல் விட்டது. ஒரு இடத்துக்கும் அது போகாதது. பழகிவிட்டதால் குரல் தட்டையாக இருந்தது, பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பெயர் சொல்வது போல.

கிரைண்டர் நின்றது. மோகன்குமார் நடந்து பட்டறைக்கு வெளியே வருவது கேட்டது.

"நானா நிறுத்தச் சொன்னேன்?"

"குறிப்பு இருக்குதுங்க. அண்ணன் போன்னு."

"எனக்கு ஞாபகமே இல்லீங்கண்ணா."

நித்யஸ்ரீ அந்தக் குரலைக் கூர்ந்து கேட்டாள். அவன் பொய் சொல்லும்போது எப்படிப் பேசுவான் என்று அவளுக்குச் சிறு வயதில் இருந்தே தெரியும். இது பொய்யில்லை. உண்மையாகவே மறந்துபோயிருக்கிறான். திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூட அந்த ஒரு போனையாவது நினைவில் வைத்திருப்பான்.

"வருசா வருசம் வந்து கேட்டனே," என்றான் மோகன்குமார்.

"கேட்டீங்க. வரலீன்னு சொன்னேன். நான் இப்பத்தான்..." சென்னிமலை இருமினார். "மன்னிச்சிருங்க. எங்க தப்புங்க. இப்பத் தொறந்து உட்டரட்டுங்களா?"

சாலையில் ஒரு லாரி ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"இப்ப வேண்டாங்கண்ணா."

"ஏனுங்க?"

"ஊட்டுல ஆளில்லீங்க. வித்யாவுக்குப் பொழுதுக்கும் ஹாஸ்டல்லதான். சின்னவன் பத்தாவது. காலையில நாலரைக்கு எழுப்பிப் படிக்க வெக்கறதே தங்கச்சிதான். பரீட்சை முடியட்டும். ஒரு ஆறு மாசம் போவட்டும், நானே போன் பண்றேன். அப்புறம், இந்த விசயத்தை எங்கூட்டுல யாருக்கும் சொல்லிப்போடாதீங்க. அவளும் பாவம், மனசைத் தேத்திக்கிட்டா."

சென்னிமலையின் கை பழக்கத்தில் பேனாவுக்குப் போனது. தாளில் அந்த வரிசைக்குப் பக்கத்தில் '6 மா' என்று எழுதினார். எழுதிய பிறகுதான் எதிரே இருந்தவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தாளில் இருந்த பெயரைப் பார்த்தார். டைப்பிங் கடை நித்யா என்றுதான் ஜெகதீஸ்வரன் அவளைப் பற்றிச் சொல்லியிருந்தான். பேனா தாளின் மேல் அப்படியே நின்றது.

நித்யஸ்ரீ போனைத் தன் பக்கம் நகர்த்தினாள்.

"அண்ணா, நான் நித்யா."

அந்தப் பக்கம் அவன் மூச்சை இழுப்பது கேட்டது.

"நித்யா? நீ அங்க என்ன... நீ கடையில இல்லியா? கண்ணு, நான் சொல்றதைக் கேளு. அண்ணன் எதுக்குச் சொன்னேன்னா..."

அவள் சென்னிமலை பக்கம் திரும்பினாள்.

"அந்த '6 மா'வை அடிங்க."

அடித்தார். இரண்டு கோடு போட்டு அடித்தார்.

"பைல்ல அந்த வரிசைக்குப் போங்க. கலரை எடுங்க. வயசு இருபத்தஞ்சுன்னு இருக்கும், முப்பத்தாறுன்னு போடுங்க. தொடர்பு நம்பரை அழிச்சுட்டு நான் சொல்றதைப் போடுங்க."

சென்னிமலை நாற்காலியைத் திரையின் பக்கம் திருப்பினார். ஒற்றை விரலால் அடிப்பவர். அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். மேசையில் போன் இன்னும் இணைப்பில் இருந்தது. நித்யா, நித்யா என்றது. பத்தாவது எண் முடிந்ததும், படித்துக் காட்டுங்கள் என்றாள். படித்தார். ஒரு எண் மாறியிருந்தது. திருத்தச் சொன்னாள். திருத்தி மறுபடியும் படித்தார்.

"ஊட்டுக்கு வா, பேசிக்கலாம்," என்றது போன். "அம்மா இருந்திருந்தா..."

நித்யஸ்ரீ சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பைலைக் கமா பைலாகச் சேமித்தாள். கலரும் குறிப்பும் இந்தப் பைலில் இருக்காது, தொடரலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆம் என்று கொடுத்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க அம்மிணி," என்றார் சென்னிமலை. "நீங்கதான்னு தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா முதல் நாளே நாற்காலி போட்டிருப்பீங்க."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். அவள் அதில் உட்காரவில்லை. ஸ்டூலிலேயே இருந்தாள். அலமாரி மேலிருந்த பிஸ்கட் டப்பாவுக்குள் அவள் போன் அதிர ஆரம்பித்தது. தகரம் தடதடத்தது. நின்றது, மறுபடி தடதடத்தது. யார் என்று எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. சென்னிமலை டப்பாவை எடுத்துத் தரக் கையை நீட்டினார்.

"அது கிடக்கட்டுங்க," என்றாள் நித்யஸ்ரீ. "முப்பதாவது நம்பரைப் போடுங்க."